பத்தாயம் யாருடையது?

ஒரு தேசம் சுதந்திரம் அடைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன? கொடி மாறுகிறது, தபால் தலை மாறுகிறது, நாணயத்தில் புதிய முத்திரை விழுகிறது, சட்டசபையில் சொந்த பாஷை ஒலிக்கிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளமும் உண்டு. அந்த தேசத்துக் குடும்பங்களில் அடுப்பு எரிவது யாருடைய தயவினால் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும். "எங்கள் பத்தாயத்திலிருந்து எடுத்துச் செலவு செய்கிறோம், சாவியும் எங்களிடமே இருக்கிறது" என்று சொல்லக் கூடியவர்கள் பாக்கியசாலிகள். "பத்தாயம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, சாவி மட்டும் அடுத்த வீட்டுக்காரரிடம்" என்று சொல்லுகிறவர்களுடைய நிலைமை சற்றுச் சங்கடமானது.

ஐரோப்பாவில் பால்டிக் கடலின் கரையிலுள்ள லாட்வியா என்னும் சிறு தேசம் வெகு காலம் இந்தச் சங்கடத்தில் இருந்தது. பிறகு பெரு முயற்சி செய்து சாவியைத் திரும்பப் பெற்றது. அந்தச் சாவி எப்படிக் கைமாறியது, எப்படி மீண்டது என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். இந்தச் சரித்திரத்தில் கதாநாயகனாக விளங்குவது அரசனும் அல்ல, சேனாபதியும் அல்ல. ஓர் எரிவாயுக் கம்பெனி!

கைகோத்து நின்ற ஜனங்கள்

லாட்வியாவின் மொத்த ஜனத்தொகை 20 இலட்சத்துக்கும் குறைவு. ஜெர்மானியப் பிரபுக்களும், போலந்துக்காரர்களும், ஸ்வீடன் அரசர்களும், ருஷ்யச் சக்கரவர்த்திகளும் ஒருவர் பின் ஒருவராக அந்த மண்ணை ஆண்டார்கள். 1918-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி லாட்வியர்கள் தங்கள் தேசம் சுதந்திர தேசம் என்று பிரகடனம் செய்தார்கள். அந்தச் சுதந்திரம் இருபத்திரண்டு ஆண்டுகளே நீடித்தது. 1940-ல் சோவியத் படைகள் புகுந்தன. 1941-ல் நாஜிப் படைகள் வந்தன. 1944-ல் மறுபடியும் சோவியத் படைகள் வந்து, இந்தத் தடவை நெடுங்காலம் தங்கிவிட்டன.

1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதியன்று லாட்வியா, லித்துவேனியா, எஸ்தோனியா ஆகிய மூன்று தேசத்து ஜனங்களும் சாலையில் வந்து நின்று கைகோத்துக்கொண்டார்கள். வில்னியஸ் நகரத்தில் தொடங்கி ரீகா வழியாகத் தல்லின் நகரம் வரையில் 600 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட மனிதச் சங்கிலி அது. ஏறக்குறைய 20 இலட்சம் பேர் அதில் கலந்துகொண்டார்கள் என்பது கணக்கு. ஒரு கல்லை எறியாமல், ஒரு துப்பாக்கியை எடுக்காமல் அவர்கள் விடுத்த கோரிக்கையை உலகம் முழுதும் கேட்டது. சத்தியாக்கிரகத்தின் சக்தியை அறிந்த நமக்கு அந்தக் காட்சியின் பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1991 ஆகஸ்டில் லாட்வியா பூரண சுதந்திரம் பெற்றது. 1994 ஆகஸ்டில் ருஷ்யப் படைகளும் வெளியேறின.

படைகள் போய்விட்டன. ஆனால் பூமிக்கடியில் புதைந்திருந்த குழாய்கள் போகவில்லை. அவை கிழக்கு நோக்கியே இருந்தன.

விளக்கிலிருந்து அடுப்புக்கு

தலைநகரமாகிய ரீகாவுக்கும் எரிவாயுவுக்கும் உள்ள உறவு பழையது. 1862-ஆம் ஆண்டிலேயே அந்நகரத்தில் ஒரு காஸ் தொழிற்சாலை ஏற்பட்டது. நிலக்கரியைக் காற்றுப் புகாத பாத்திரத்திலிட்டுச் சூடேற்றினால் ஒரு வாயு வெளிவரும். அதைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்த் தெரு விளக்குகளை ஏற்றினார்கள். பிற்பாடு மின்சாரம் வந்து விளக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாயுவோ அடுக்களைக்குள் புகுந்து அடுப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இயற்கை வாயு என்பது வேறு. அது நிலக்கரியைச் சுட்டுச் செய்வதன்று. பூமிக்குள் தானாகவே உண்டாகிக் கிடப்பது. 1962-ல் மேற்கு உக்ரைனிலுள்ள தஷாவா என்னுமிடத்திலிருந்து மின்ஸ்க், வில்னியஸ் நகரங்கள் வழியாக ஒரு நெடுங் குழாய் ரீகாவை வந்தடைந்தது. அன்று முதல் லாட்வியாவில் இயற்கை வாயுவின் யுகம் தொடங்கியது. அந்த மண்ணில் இயற்கை வாயு ஊற்று ஒன்றுகூடக் கிடையாது. எரிக்கிற ஒவ்வொரு கன மீட்டரும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும்.

ஊற்றைக் கொடுக்க மறந்த இயற்கை, லாட்வியாவுக்கு வேறொரு வரத்தைக் கொடுத்திருந்தது. அதை நிபுணர்கள் கண்டுபிடித்தது அந்தக் காலத்தில்தான்.

மணற்பாறைக்குள் ஒரு பத்தாயம்

ரீகாவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் இன்ச்சுகல்ன்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் தேவதாரு இனத்தைச் சேர்ந்த பைன் மரக் காடு. அந்தக் காட்டுக்கு அடியில், சுமார் 700 மீட்டர் ஆழத்தில், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய மணற்பாறை ஒன்று படுத்திருக்கிறது. 1968-ஆம் ஆண்டு முதல் இந்தப் பாறைதான் எரிவாயுவைச் சேமித்து வைக்கும் பத்தாயமாக விளங்கி வருகிறது. மூன்று பால்டிக் தேசங்களிலும் இதைத் தவிர வேறு நிலத்தடிச் சேமிப்பிடம் இயங்கவில்லை.

பத்தாயம் என்றதும் பெரிய குகை ஒன்றை நேயர்கள் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. அங்கே குகையும் இல்லை, தொட்டியும் இல்லை. கோடை காலத்தில் புது மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். மண்ணோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதே அதற்குக் காரணம். இன்ச்சுகல்ன்ஸ் மணற்பாறையும் அந்த மாதிரிதான். அதன் மணலுக்கு மணல் உள்ள இடைவெளியில் ஆதியில் தண்ணீர் நிறைந்திருந்தது. மேலே மூடியிருக்கும் பாறையோ ஊறுகாய் ஜாடியைப் போன்றது. ஒரு பொட்டு வாயுவையும் கசிய விடாது. இந்த இரண்டு பாறைகளும் கவிழ்த்து வைத்த தாம்பாளத்தைப் போல் நடுவில் மேடிட்டு வளைந்திருக்கின்றன. மேலிருந்து கிணறுகளை இறக்கி, இயந்திரங்களால் வாயுவை அழுத்தி உள்ளே செலுத்துகிறார்கள். வாயு தண்ணீரைப் பக்கங்களிலும் கீழும் தள்ளிவிட்டு, மேட்டின் உச்சியில் போய்த் தங்குகிறது. வேண்டும்போது கிணற்றின் வாயைத் திறந்தால், சொந்த அழுத்தத்தினாலேயே மேலே வருகிறது.

இந்தப் பத்தாயம் மொத்தத்தில் 447 கோடி கன மீட்டர் கொள்ளும். அதில் 230 கோடி கன மீட்டர்தான் எடுத்துப் புழங்கத் தக்கது. மிச்சம் உள்ளதை எடுப்பதே இல்லை. அது உள்ளேயே இருந்து தண்ணீர் மறுபடியும் ஏறிவிடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். குடியானவன் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதை நெல்லைக் குத்திச் சமைப்பதில்லை அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பத்தாயம் நிறைந்திருக்கும்போது வாயு வேகமாக வெளிவரும்; குறையக் குறைய அழுத்தம் தாழ்ந்து, வருகிற வேகமும் தாழ்ந்துவிடும். ஆகவே கடுங்குளிர் வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று இருப்பவன் ஏமாந்து போவான். எறும்பு மழைக்கு முன்னால் சேர்த்து வைப்பதுபோல், கோடையிலேயே சேர்த்து வைத்தாக வேண்டும்.

கோடையில் வரவு, குளிரில் செலவு

குளிர் தேசத்தில் எரிவாயு என்பது சமையலுக்கு மாத்திரம் அன்று. வீட்டுச் சுவர்களுக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. ரீகாவில் பெரிய மின்சார நிலையங்கள் இயற்கை வாயுவை எரித்து, ஒரே சமயத்தில் மின்சாரத்தையும் வெந்நீரையும் உற்பத்தி செய்கின்றன. அந்த வெந்நீரே நகரத்தின் அடுக்கு மாடி வீடுகளைச் சூடாக வைத்திருக்கிறது. வெளியே பனி உறைந்து கிடக்கும் ஜனவரியில் அந்த வெந்நீர் நின்றுவிட்டால், அது சௌகரியக் குறைவோடு போகாது. குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் உயிராபத்தாக முடியும்.

சோவியத் ஆட்சியில் இன்ச்சுகல்ன்ஸ் கட்டப்பட்டது லாட்வியாவின் சௌகரியத்தை மாத்திரம் கருதி அன்று. லெனின்கிராட் முதலிய வடமேற்குப் பிரதேசங்கள் முழுவதற்கும் அது குளிர்காலக் களஞ்சியமாக அமைந்தது. கோடையில் கிழக்கிலிருந்து வாயு வந்து நிரம்பும். குளிர் காலத்தில் அங்கிருந்து லாட்வியாவுக்கும் எஸ்தோனியாவுக்கும் போகும். ஒரு பகுதி எல்லையைத் தாண்டித் திரும்ப ருஷ்யாவுக்கே போகும். சுதந்திரம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

வாயுவுக்கு லாட்வியா ருஷ்யாவை நம்பியிருந்தது. குளிர்காலத்துச் சேமிப்புக்கு ருஷ்யாவின் வடமேற்குப் பகுதி லாட்வியாவை நம்பியிருந்தது. சிறியவனிடத்திலும் பெரியவனுக்கு வேண்டிய ஒரு பொருள் இருந்தால் அவன் முற்றிலும் நிராதரவானவன் அல்லன். லாட்வியாவின் ராஜதந்திரிகள் இந்த உண்மையை அறிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அவர்கள் அந்தப் பத்தாயத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

சாவி கைமாறிய கதை

நாட்டின் எரிவாயுத் தொழில் முழுவதும் 'லாட்வியாஸ் காஸே' என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வாயு வாங்குவது, பெருங் குழாய்களில் கொண்டுவருவது, இன்ச்சுகல்ன்ஸில் சேமிப்பது, தெருத் தெருவாகப் பகிர்ந்தளிப்பது, பணம் வசூலிப்பது எல்லாம் அதன் வேலை. 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் லாட்வியாவின் பொக்கிஷம் வறண்டிருந்தது. பழைய தொழிற்சாலைகள் மூடப்பட்டன. புதிய பணம் வேண்டியிருந்தது. குழாய்களையும் கிணறுகளையும் பழுது பார்க்க வேண்டியிருந்தது. 1997-ல் சர்க்கார் அந்தக் கம்பெனியைத் தனியாருக்கு விற்கத் தொடங்கியது.

வாங்க வந்தவர்கள் யார்? ஜெர்மனியின் ரூர்காஸ் கம்பெனி ஒரு பக்கம். ருஷ்ய அரசாங்கத்தின் காஸ்ப்ரோம் கம்பெனி மற்றொரு பக்கம். சில ஆண்டுகளுக்குள் லாட்விய சர்க்காரின் கையில் குறிப்பிடத் தக்க பங்கு எதுவுமே எஞ்சவில்லை. காஸ்ப்ரோமின் பங்கு நூற்றுக்கு 34 வரையில் வளர்ந்தது. விற்கும்போது செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 2017 பிப்ரவரி வரையில், அதாவது இருபது ஆண்டுக் காலத்துக்கு, இந்தத் தொழிலில் வேறு யாரும் தலையிட முடியாது என்ற ஏகபோக உரிமையும் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது.

இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாயுவை விற்கிறவர் காஸ்ப்ரோம். அதை வாங்குகிற கம்பெனியில் பெரும் பங்காளி காஸ்ப்ரோம். சேமிக்கிற பத்தாயத்தில் பங்குள்ளவரும் காஸ்ப்ரோம். நெல் மண்டிக்காரரே வீட்டுக் காரியஸ்தராகவும் வந்து உட்கார்ந்துகொண்டால், எந்த மண்டியில் நெல் வாங்குவது என்று அவர் யோசனை சொல்லுவார்?

விற்றவர்களைக் குறை சொல்லுவது சுலபம். பசித்தவன் பாத்திரத்தை அடகு வைப்பதைப் பார்த்து, வயிறு நிறைந்தவன் சிரிக்கலாகாது. சுதந்திரம் பெற்ற புதிதில் பணமில்லாத தேசங்களுக்கு இத்தகைய நிர்ப்பந்தங்கள் நேருகின்றன. ஆனால் அடகு வைத்த பாத்திரத்தை மீட்கும் எண்ணமாவது மனத்தில் இருக்க வேண்டும். அந்த எண்ணம் லாட்வியாவில் வலுப்பட்டதற்கு அயல் தேசத்தின் செய்கையும் ஒரு காரணமாயிற்று.

ஒரு கப்பலின் நிழல்

லித்துவேனியா தெற்கேயுள்ள சகோதர தேசம். அதற்கும் ருஷ்யாவிலிருந்து வருகிற ஒரே குழாய்தான் கதி. விலையை விற்கிறவர் நிர்ணயித்தார். வாங்குகிறவர் மௌனமாகக் கொடுத்தார். லித்துவேனியர்கள் வேறொரு மார்க்கத்தை யோசித்தார்கள். இயற்கை வாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரையில் குளிர வைத்தால் அது திரவமாகிவிடுகிறது. அதன் பரிமாணம் ஏறக்குறைய அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அப்போது அதைக் கப்பலில் ஏற்றி எந்தத் தேசத்திலிருந்தும் கொண்டுவரலாம். கொண்டுவந்த திரவத்தை மறுபடியும் வாயுவாக்கிக் குழாயில் விடுவதற்குத் தென்கொரியாவில் ஒரு கப்பல் கட்டப்பட்டது. நார்வே தேசத்துக் கம்பெனி ஒன்றிடமிருந்து லித்துவேனியர்கள் அதை வாடகைக்கு எடுத்தார்கள். 294 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி க்ளைப்பேடா துறைமுகத்தை வந்தடைந்தது. கப்பலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இண்டிபெண்டன்ஸ்'. சுதந்திரம் என்பதே அதன் பொருள்!

கப்பல் வருவதற்கு முன்பே ஓர் அதிசயம் நடந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் காஸ்ப்ரோம் லித்துவேனியாவுக்குக் கொடுக்கும் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டது. இன்னொரு கடைக்காரர் தெருவில் கடை திறக்கப் போகிறார் என்று தெரிந்ததுமே பழைய கடைக்காரரின் தராசு நேராகிவிடுவதை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். கப்பலின் நிழல் விழுந்ததே போதுமானதாயிற்று. 2024 டிசம்பரில் வாடகை தீர்ந்து, கப்பலையே லித்துவேனியா சொந்தமாக்கிக்கொண்டது.

லித்துவேனியாவில் கப்பல் இருந்தது. ஆனால் பத்தாயம் இல்லை. லாட்வியாவில் பத்தாயம் இருந்தது. ஆனால் கப்பல் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் பூர்த்தியாகும். ஒரு கப்பலில் வருகிற திரவம் வாயுவானால் சுமார் 10 கோடி கன மீட்டர். இன்ச்சுகல்ன்ஸ் பத்தாயத்தைக் காலியிலிருந்து நிரப்புவதற்கு இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் வந்தாக வேண்டும். இதிலிருந்தே பத்தாயத்தின் பெருமை விளங்கும்.

சாவியை மீட்ட விதம்

வாயுவை விற்கிறவர் ஒருவராகவும், குழாயையும் சேமிப்பிடத்தையும் நடத்துகிறவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஐக்கியத்தின் சட்டம். வெகு காலம் தவணை கேட்டுக்கொண்டிருந்த லாட்வியா, கடைசியில் அந்தச் சட்டத்தையே தன் ஆயுதமாகப் பயன்படுத்தியது. 2017 தொடக்கத்தில் பெருங் குழாய்களும் இன்ச்சுகல்ன்ஸ் பத்தாயமும் லாட்வியாஸ் காஸேயிலிருந்து பிரிக்கப்பட்டு, 'கோனெக்ஸஸ்' என்னும் புதிய கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டன. தெருக் குழாய்களின் பொறுப்பு அதே ஆண்டு டிசம்பரில் 'காஸோ' என்ற மற்றொரு கம்பெனிக்குப் போயிற்று. 2017 ஏப்ரலில் வாயு வியாபாரம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

கம்பெனியைப் பிரித்ததனால் பங்குதாரர் மாறிவிடவில்லை. ஆகவே லாட்வியாவின் சர்க்கார் ஸ்தாபனமான மின்சாரக் கம்பிக் கம்பெனி கோனெக்ஸஸின் பங்குகளை வாங்க ஆரம்பித்தது. 2017 முடிவில் ஜெர்மானியர் முதலியவர்களிடமிருந்த நூற்றுக்கு 34 பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கிற்று. 2020-ல் காஸ்ப்ரோமிடமிருந்த பங்குகளையும் 7 கோடியே 70 இலட்சம் யூரோ கொடுத்து வாங்கிற்று. இதனால் லாட்வியாவின் பங்கு நூற்றுக்கு 68-க்கு மேல் உயர்ந்தது. பத்தாயத்தின் சாவி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து எஸ்தோனியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையே கடலுக்கடியில் 77 கிலோமீட்டர் நீளமுள்ள குழாயிலும் வாயு ஓடத் தொடங்கியது. லாட்வியாவின் காட்டுக்கடியில் சேர்த்து வைத்ததைப் பின்லாந்துக்காரர்களும் எடுத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. 2022 மே மாதத்தில் போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட குழாய் ஒன்றும் திறக்கப்பட்டது. ஒற்றை வாசல் வீட்டுக்குப் பல வாசல்கள் உண்டாயின.

ஜெர்மனி கற்ற பாடம்

இதெல்லாம் அவசியந்தானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஜெர்மனியின் அனுபவம் பதில் சொல்லும். ஜெர்மனி செல்வமிக்க தேசம். விஞ்ஞானத்தில் தலைசிறந்த தேசம். அங்கே ரேடன் என்ற ஊரில் சுமார் 400 கோடி கன மீட்டர் கொள்ளும் மிகப் பெரிய நிலத்தடிச் சேமிப்பிடம் இருக்கிறது. ஜெர்மனியின் மொத்தச் சேமிப்பு வசதியில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சேமிப்பிடம் காஸ்ப்ரோமின் ஜெர்மன் கிளைக்குச் சொந்தமாக இருந்தது. 2022 ஆரம்பத்தில், நடுக் குளிர் காலத்தில், அதில் பத்தில் ஒரு பங்குகூட வாயு இல்லை.

பிப்ரவரி 24-ஆம் தேதி ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 4-ஆம் தேதி ஜெர்மன் சர்க்கார் அந்தக் கிளைக் கம்பெனியைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. குளிர் காலத்துக்கு முன் ஒவ்வொரு சேமிப்பிடமும் இன்ன அளவு நிறைந்திருக்க வேண்டும் என்று அதே மாதத்தில் ஒரு சட்டமும் அமலுக்கு வந்தது. நவம்பரில் கம்பெனி முழுதும் தேசத்தின் உடைமையாயிற்று. லாட்வியா பல வருஷமாக நிதானமாகச் செய்ததை ஜெர்மனி சில மாதங்களில் அவசரமாகச் செய்ய வேண்டியதாயிற்று. அவசரத்துக்குத் தனி விலை உண்டு. 2022 ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தையில் வாயுவின் விலை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவையும் தாண்டிற்று.

குழாய் நின்ற நாள்

அதே 2022-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி காஸ்ப்ரோம் லாட்வியாவுக்கு வாயு அனுப்புவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போதும் லாட்வியாஸ் காஸே கம்பெனியில் காஸ்ப்ரோமுக்கு நூற்றுக்கு 34 பங்கு இருந்தது. தனக்குப் பங்குள்ள கம்பெனிக்குத் தானே சரக்கை நிறுத்திய வியாபாரியை வேறெங்கும் காண்பது அரிது!

லாட்வியா திடுக்கிடவில்லை. ருஷ்ய வாயுவை 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாங்குவதில்லை என்று அதன் பார்லிமெண்டு அதே ஜூலை மாதத்தில் ஏற்கெனவே சட்டம் செய்திருந்தது. க்ளைப்பேடா வழியாகக் கப்பல் சரக்கு வந்தது. இன்ச்சுகல்ன்ஸ் பத்தாயம் குளிர் காலத்துக்கு முன் பாதிக்கு மேல் நிறைந்தது. போருக்கு முந்திய ஆண்டுகளில் லாட்வியா ஓராண்டில் எரித்த வாயு ஏறக்குறைய 120 கோடி கன மீட்டர். பத்தாயத்தின் பாதியே தேசத்தின் ஓராண்டுத் தேவைக்கு அருகில் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஜனங்களும் சிக்கனத்தை மேற்கொண்டார்கள். பல இடங்களில் விறகுச் சில்லுகளை எரிக்கும் கொதிகலன்கள் வாயுவின் வேலையைச் செய்தன. விலை கடுமையாக இருந்தது. குடும்பத் தலைவிகள் ஒவ்வொரு பில்லையும் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் குழாய் வறண்டு வீடு குளிர்ந்தது என்ற நிலைமை வரவில்லை.

அடுக்களை வரையில்

பத்தாயத்திலிருந்து அடுப்பு வரையில் வாயு போகும் பாதையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெருங் குழாயில் வாயு மிகுந்த அழுத்தத்துடன் பாய்கிறது. ஊர் எல்லையில் அந்த அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, தெருக் குழாயில் மெல்ல விடுகிறார்கள். காஸோ கம்பெனியின் பொறுப்பில் 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்களும், நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாடிக்கைக்காரர்களும் உண்டு.

இயற்கை வாயுவுக்கு இயல்பாக மணமும் இல்லை, நிறமும் இல்லை. கசிந்தால் யாருக்கும் தெரியாது. 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்படிக் கசிந்த வாயு வெடித்து, ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் வாயுவில் துர்நாற்றமுள்ள ஒரு பொருளைச் சிறிதளவு கலப்பது கட்டாயமாயிற்று. அந்த நாற்றம் மூக்கைத் துளைக்கும்போது முகத்தைச் சுளிக்கிறோம். எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிவரும் நாற்றம் அது.

இன்னும் உள்ள கவலைகள்

சாவி கைக்கு வந்துவிட்டதனால் கவலைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலுள்ள கடற்குழாய் உடைந்தது. கடலடியில் ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டுச் சென்ற தடமும், அந்த நங்கூரமும் கண்டெடுக்கப்பட்டன. குழாயைச் செப்பனிட்டு மறுபடியும் திறக்க 2024 ஏப்ரல் வரையில் ஆயிற்று. அந்தக் குளிர் காலம் முழுதும் பின்லாந்துக்கு இன்ச்சுகல்ன்ஸ் எட்டாக் கனியாக இருந்தது. பத்தாயம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் வழி அடைபட்டால் பயனில்லை என்பதற்கு இது சாட்சி.

2023-ல் தெருக் குழாய்க் கம்பெனியாகிய காஸோவை எஸ்தோனியா தேசத்துக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கியது. விலை 12 கோடி யூரோ. அயலாரிடமிருந்து ஒன்றை மீட்டு, மற்றொன்றை அயலாரிடம் கொடுப்பதா என்று கேட்கத் தோன்றும். நட்புக்குரிய அண்டை வீட்டாரிடம் தெருக் குழாயை ஒப்படைக்கலாம். பத்தாயத்தையும் பெருவழியையும் விட்டுவிடக் கூடாது என்பது லாட்வியா கண்ட வழி போலும். இதன் பலாபலனைக் காலந்தான் காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாயு ஊற்று இன்றைக்கும் லாட்வியாவில் இல்லை. கிழக்கிலிருந்து குழாயில் வந்த சரக்கு, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து கப்பலில் வருகிறது. ஒருவரை நம்பியிருந்தவர்கள் பலரை நம்பியிருக்கிறார்கள். நம்புவது ஒழியவில்லை என்பது மெய்தான். ஆனால் ஒரே ஒருவரிடம் கடன்பட்டவன் நிலைமைக்கும், சந்தையில் பத்துக் கடை ஏறி இறங்கக் கூடியவன் நிலைமைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது பத்தாயந்தான். வீட்டில் ஆறு மாதத்து நெல் இருப்பவன், மண்டிக்காரர் சொல்லும் விலைக்கு நாளைக் காலையிலேயே தலையசைக்க வேண்டியதில்லை.

1989-ல் சாலையோரம் கைகோத்து நின்ற ஜனங்கள் 1991-ல் கொடியைப் பெற்றார்கள். பத்தாயத்தின் சாவி அவர்கள் கைக்கு வர மேலும் 29 ஆண்டுகள் ஆயின. மின்சாரக் கம்பிகளை ருஷ்யாவின் இணைப்பிலிருந்து அறுத்துக்கொண்டு ஐரோப்பாவுடன் சேர்ந்தது 2025 பிப்ரவரியில்தான். கொடி ஏற்றுவதற்கு ஒரு நாள் போதும். கொடிக்குக் கீழேயுள்ள வீடுகளின் விளக்கையும் அடுப்பையும் சொந்தமாக்கிக்கொள்ள ஒரு தலைமுறை தேவைப்படுகிறது. அந்த இரண்டாவது வேலைக்கு ஊர்வலமும் இல்லை, வாத்திய கோஷமும் இல்லை. கணக்குப் புத்தகமும், சட்டப் புத்தகமும், குழாய் பழுது பார்க்கும் தொழிலாளியின் கைகளுமே அதற்கு ஆயுதங்கள்.

சுதந்திரத்தின் அருமையை அறிந்த எந்த தேசத்து ஜனங்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் வீட்டுப் பத்தாயத்தில் இன்று எவ்வளவு இருக்கிறது. அதன் சாவி யாருடைய இடுப்பில் தொங்குகிறது? பனி விழத் தொடங்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டதனால் லாட்வியர்கள் பிழைத்தார்கள். அவர்களுடைய அடுப்புகள் என்றும் அணையாதிருக்கட்டும் என்று வாழ்த்துவோமாக!